ஆயாவின் பாட்டும் பேத்தியின் கைப்பேசியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழிலக்கணம் நிலத்தைப் பகுத்தபோது இசையையும் உடன் சேர்த்தே பகுத்தது. கருப்பொருள்களை எண்ணிச் செல்லும் தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றின் வரிசையிலேயே பறையையும் யாழையும் வைத்தார். பின்வந்தோர் நெய்தல் நிலத்துக்கு மீன்கோட்பறை என்றும், விளரி யாழ் என்றும், செவ்வழிப் பண் என்றும் பெயர் சுட்டினர். மீனும் உப்பும் எப்படிக் கடற்கரைக்கு உரியவையோ அப்படியே ஓர் இசையும் அதற்கு உரியது என்பது அவர்தம் துணிபு. இளங்கோவடிகள் அந்தக் கடற்கரைப் பாட்டின் சாயலைக் கானல்வரியாக்கிக் கோவலன் கையிலும் மாதவி கையிலும் கொடுத்தார். வணிகர் மகனும் நாடகக் கணிகையும் யாழெடுத்துப் பாட, வலை உணக்கிய பரதவர் கேட்டிருந்தனரோ இல்லையோ, அதைச் சிலம்பு சொல்லவில்லை. கரையாரின் பாட்டை வேறொருவர் பாடும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இவ்வுரையின் பிற்பகுதியில் அந்த வேடிக்கை வேடிக்கையாக இராது.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒல்லாந்தர் 1613 இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய துறைமுகம் என்ற வகையில் வரலாற்று நூல்களில் அதற்கு இடமுண்டு. இலக்கியத்தில் அவ்வளவு இடமில்லை. தென்பாண்டிக் கடற்கரைக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' போன்ற நாவல்கள் வாய்த்தன. வடகோடிக் கடற்கரைக்கு அப்படியொரு பேறு இன்னும் கிட்டவில்லை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்பகுதியும் முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளன. ஒருபுறம் உவர்நீர் ஏரி, மறுபுறம் வங்கக் கடல், இடையே மணல்மேட்டில் குப்பங்கள். ஒரே ஊர்ச்சூழலில் அம்மன் கோயிலும், மகிமை மாதா ஆலயமும், பள்ளிவாசலும் உண்டு. தமிழோடு தெலுங்கும் புழங்கும்.

இந்த ஏரியில் 'பாடு' என்னும் முறை ஒன்று வழங்குகிறது. எந்த நாளில், எந்த நீர்ப்பரப்பில், எவர் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடி முறைவைத்து வகுத்துக்கொள்வதே பாடு. கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்றும் இம்முறையின் தலைக் கிராமங்கள். அரசு ஆவணம் ஏதும் இதற்கு மூலம் அன்று. ஊர்ச் சொல்லே ஆவணம். தமிழில் பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் துன்பம், பாடு என்றால் பாடுக என்னும் ஏவல். வேறு வேறு சொற்களே எனினும் அந்த மண்ணில் நிற்பவருக்கு அவை ஒரே சொல்லாகக் கேட்பதில் வியப்பில்லை.

இத்தகைய குப்பங்களுக்குள் வெளியுலக இசை எவ்வழியே வந்தது என்பதைச் சுருக்கமாகக் காணலாம். சென்னை வானொலி நிலையம் 1938 இல் தொடங்கியது. ஆயினும் கடற்கரைக் குடிசைக்குள் வானொலி நுழைந்தது டிரான்சிஸ்டர் வந்த பின்னர்தான். மின்சாரம் வேண்டாத அந்தப் பெட்டி புயல் அறிவிப்பையும் பாட்டையும் ஒருங்கே கொணர்ந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தமிழகக் கடற்கரை நெடுகிலும் இருந்த செல்வாக்கை மூத்தோர் அறிவர். கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் தென்னையில் கட்டிய குழாயிலிருந்து எல்.ஆர். ஈசுவரியின் அம்மன் பாட்டு விடியற்காலையிலேயே புறப்படும். மாலையில் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் வெண்கலக் குரல் மதம் பார்க்காமல் எல்லார் செவியிலும் விழும். எண்பதுகளில் கேசட் வந்தது. விருப்பமான பாட்டுகளைத் தாளில் எழுதிப் பதிவுக் கடையில் கொடுத்தால் அறுபது நிமிடத்திலோ தொண்ணூறு நிமிடத்திலோ அடக்கித் தருவார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருக்கும். அந்தத் தலைமுறைக்கு இன்றும் சில பாட்டுகள் பாதிதான் தெரியும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் இணையத்தின் விலை இந்தியா முழுவதும் சரிந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதும், தந்தையின் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி பாடத்தின் பொருட்டுப் பிள்ளையின் கைக்கு மாறியது. பாடம் எவ்வளவு ஏறியது என்பது வேறு செய்தி. பாட்டு ஏறியது. கானா, ஜியோசாவன், 2019 இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, எல்லாவற்றுக்கும் மேலாக யூடியூப் எனப் பல வாயில்கள் திறந்தன. இவற்றில் பாட்டைச் சேமித்து வைப்பதில்லை. கேட்கும் நேரத்தில் அது ஓடிவருகிறது. ஸ்ட்ரீமிங் என்னும் சொல்லுக்கு ஓடை என்று பொருள் கொள்வது பொருத்தமே. ஆனால் ஓடைக்கு மேட்டுநிலம் எது, மடை எது என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஒரு பாட்டைக் கேட்டவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்ற கணக்கே பெரும்பாலும் மடையைத் திறக்கிறது.

அந்தக் கணக்கில்தான் ஒரு விந்தை நிகழ்கிறது. புதிய பாட்டைத் தேடிய சிறுவனிடம் பழைய பாட்டு வந்து சேர்கிறது. திரைப்படங்களும் இதற்குத் துணை நிற்கின்றன. 2022 இல் வெளிவந்த 'விக்ரம்' படத்தில் ஒரு சண்டைக் காட்சிக்கு 1995 ஆம் ஆண்டு 'அசுரன்' படப் பாட்டு ஒலித்தது (2019 இல் அதே பெயரில் வந்த படம் வேறு). அந்தப் பாட்டு வந்தபோது பிறந்திராத பிள்ளைகள் மறுநாளே அதைத் தேடிக் கண்டனர். அதற்கு இசையமைத்த ஆதித்யன் 2017 இலேயே மறைந்துவிட்டார். 2024 இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் 1991 இன் 'குணா' படப் பாட்டை மீண்டும் ஊரெங்கும் ஒலிக்கச் செய்தது. அதே ஆண்டில் 'லப்பர் பந்து', 1989 இன் 'பொன்மனச் செல்வன்' பாட்டைக் கிரிக்கெட் திடலுக்குக் கொண்டுவந்தது. தந்தை கேட்ட இளையராஜாவை மகன் தன் கண்டுபிடிப்பாக எண்ணி அவரிடமே எடுத்துக்காட்டுகிறான். தந்தை மறுத்துப் பேசாமல் கேட்டிருப்பதே நயம்.

குப்பத்து வீட்டில் இது எப்படி நிகழும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும் ஆயா, பேத்தியின் கைப்பேசியிலிருந்து பி. சுசீலாவின் குரல் வந்ததும் கையை நிறுத்துகிறாள். "ஏம்மா, இது உனக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள். பேத்தியிடம் விடை இல்லை, அதுவாக வந்தது. ஆயாவிடமோ அந்தப் பாட்டுக்கு ஒரு கொட்டகை, ஒரு மழைக்காலம், உடன் வந்த தங்கை எல்லாம் உண்டு. ஏரியின் வடகரையில் உறவு கொண்ட வீடாயின் அடுத்து கண்டசாலாவின் தெலுங்குப் பாட்டைக் கேட்பாள். அதுவும் உடனே வந்து நிற்கும். முன்பெல்லாம் பாட்டு எப்போது வரும் என்று முதியோர் வானொலியின் முன் காத்திருந்தனர். இப்போது பாட்டு காத்திருக்கிறது. எச்.எம்.வி. நிறுவனத்தின் வழிவந்த சரிகம, 2017 இல் 'கார்வான்' என்னும் பெட்டியில் 5000 பழைய பாட்டுகளை அடைத்து விற்றது, முதியோருக்குக் கைப்பேசி கைவராது என்று கருதித்தான். வீட்டில் பேத்தி இருந்தால் அந்தப் பெட்டிக்கு வேலை குறைவு.

இதுவரை சொன்னது மகிழ்ச்சிக்குரிய பகுதி. இனிச் சொல்வது அவ்வளவு மகிழ்ச்சி தருவதன்று.

மீனவர் பாட்டு வேண்டும் என்று ஒரு குப்பத்துப் பிள்ளை கைப்பேசியில் தேடினால் முதலில் வரக்கூடியது 1964 இன் 'படகோட்டி'. வாலியின் வரிகள், விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசை, டி.எம். சௌந்தரராஜனின் குரல், எம்.ஜி.ஆரின் முகம். அப்பாட்டுகளின் பெருமையைக் குறைத்துச் சொல்ல யாராலும் இயலாது. மீனவர்கள் அவற்றைத் தங்கள் பாட்டாகவே ஏற்றுக்கொண்டனர். ஆயினும் அவை மீனவரைப் பற்றிய பாட்டுகளேயன்றி மீனவர் பாடிய பாட்டுகள் அல்ல. அந்தப் பிள்ளையின் பாட்டனார் வலை இழுத்தபோது பாடிய பாட்டு அந்த ஓடையில் இல்லை. கானல்வரியில் நேர்ந்ததே மீண்டும் நேர்கிறது.

பாட்டனார் பாடியது அம்பா. அம்பி என்னும் தோணிப் பெயரிலிருந்து வந்த சொல் என்பாரும், அம்பாள் என்னும் தெய்வப் பெயர் என்பாரும் உளர். ஏலேலோ என்னும் அதன் இடைக்குரலை வள்ளுவரின் நண்பராகச் சொல்லப்படும் ஏலேலசிங்கரோடு இணைத்துக் கதை சொல்வதும் உண்டு. ஈழத்துக் கடற்கரைகளிலும் இதே பெயர்தான். சோழமண்டலக் கரையில் பெரிய வலையைக் கரைக்கு இழுக்கையில் இரு வடங்களையும் இரு வரிசை ஆட்கள் பற்றிக்கொள்வர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் எதிர்க்குரல் கொடுப்பர். எதிர்க்குரல் விழும் இடத்தில்தான் இழுவை விழ வேண்டும். பாட்டு பிசகினால் வலை ஒருபக்கம் சாயும், மீன் நழுவும். ஆகவே அது பொழுதுபோக்கன்று. துடுப்பையும் வடத்தையும் போல ஒரு கருவி. நல்ல அடியெடுப்பவர் வலையின் கனத்துக்கேற்ப நடையை மாற்றுவார், சோர்ந்தவனைப் பெயர் சொல்லிக் கேலி செய்வார், கரையில் நிற்கும் வியாபாரியையும் விடமாட்டார்.

கருவி என்றால் வேறு கருவி வந்ததும் அது ஓரமாகிவிடும். நைலான் வலையும் எந்திரமும் வந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் வந்திறங்கக் கட்டுமரம் அருகியது. எந்திரத்தின் ஓசைக்கு மேல் பாட முடியாது. பாட வேண்டிய தேவையும் இல்லை. உழைப்பு குறைந்ததற்கு வருந்துவது கரையில் நின்று பார்ப்பவருக்கு எளிது. முதுகு வலித்தவர் வருந்தமாட்டார். அம்பா மறைந்ததை எண்ணிக் கண்ணீர் விடும் கட்டுரைகள் பலவற்றில் இந்த முதுகுவலி மறக்கப்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தொகுத்தவர்கள் இல்லையா எனின், உண்டு. மு. அருணாசலம் 1943 இல் 'காற்றிலே மிதந்த கவிதை'யைத் தந்தார். பெர்சி மெக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய பாட்டுகளைக் கி.வா. ஜகந்நாதன் 1958 இல் 'மலையருவி'யாகப் பதிப்பித்தார். நா. வானமாமலை 1964 இல் 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளை வெளியிட்டார். இவை தமிழுக்குக் கிடைத்த பெருஞ்செல்வங்கள். ஆனால் அச்சு சொல்லை வைத்துக்கொண்டு பண்ணை விட்டுவிடும். எதிர்க்குரல் எங்கே விழுந்தது, மூச்சு எங்கே பிடிக்கப்பட்டது என்பது தாளில் இல்லை. வேறொரு குறையும் உண்டு. வலையிழுப்புப் பாட்டில் கொச்சையான அடிகள் ஏராளம். தொகுப்போர் பலரும் அவற்றை நாகரிகம் கருதி நீக்கினர். இன்று பேரப்பிள்ளை கேட்கும்போது பாட்டனாரும் அதே இடத்தில் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். தமிழ்ப் பதிப்புலகின் நெறி அவரிடமும் இருக்கிறது.

முதியவர் நிறுத்துவதற்கு இன்னொரு காரணம், நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் அவருக்குப் பாட்டு வராது. உழைப்புப் பாட்டு நெஞ்சில் மட்டும் இருப்பதன்று, தோளிலும் இருக்கிறது. கையில் வடம் இல்லையேல் இரண்டாம் அடிக்குமேல் நினைவு தப்பும். "மறந்துபோச்சு" என்று அவர் சொல்வதைக் கேட்டு ஆய்வாளர் குறிப்பேட்டை மூடிவிடுவதும் உண்டு.

ஆனால் பழம்பாட்டு இந்த ஓடைக்குள் புகவே முடியாது என்று கொள்ள வேண்டியதில்லை. இராமேசுவரத் தீவின் பாம்பனில் 2016 இல் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி, மீனவருக்கென்றே 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பத் தலைப்பட்டது. அம்பாப் பாட்டுக்கும் அதில் இடம் கிடைத்தது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைச் சொல்லும் 'புறம்போக்கு' பாட்டு 2017 இல் யூடியூபில் வந்தது. கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா கருநாடக இசையில் பாடினார். அது குப்பத்தின் பாட்டன்று. குப்பத்தின் பொருட்டுப் பாடிய பாட்டு. 2021 இல் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' இன்னும் ஒரு படி உள்ளே சென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வையும் ஒப்பாரி மரபையும் அறிவு அதில் கொண்டுவந்தார். தீயும் உடன் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். கோடிக்கணக்கானோர் கேட்டனர். ஒப்பாரி என்றால் என்னவென்று அறியாத நகரத்துப் பிள்ளையும் அதன் இழுவையை வாயில் வைத்துக்கொண்டது. ஆயினும் அப்பாட்டால் தமக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று அதே இசையமைப்பாளர் 2024 இல் வெளிப்படையாகக் கூறினார். பெயர் பெற்றவர்க்கே அந்நிலை எனில், பெயர் அறியப்படாத அம்பாக்காரரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் கணக்கு இங்கே கவனிக்கத்தக்கது. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். ஆதலால் 1964 இல் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் 2024 டிசம்பரோடு முடிந்தது. வரிக்கு உரிமை ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டு. 2013 இல் மறைந்த வாலியின் வரிகளுக்கு 2073 வரை காவல் உண்டு. அம்பாவுக்கோ ஆசிரியர் பெயர் இல்லை. எனவே காவலும் இல்லை. ஆனால் அதை எவரேனும் பதிவு செய்தால் அந்தப் பதிவுக்கு உரிமை பதிவு செய்தவருடையது. முதியவர் குரல் கொடுத்தார், கருவி வைத்திருந்தவர் உரிமையாளர் ஆனார் என்று முடியும். நிகழ்த்துபவருக்கும் சட்டம் உரிமை தருகிறது என்றாலும் குப்பத்தில் அதை எடுத்துச் சொல்வார் யார்? ஏரியின் நீருக்குப் பாடு வகுத்த மக்கள் தங்கள் பாட்டுக்கும் ஒரு பாடு வகுத்துக்கொள்ளலாகாதா என்ற கேள்வி எழுகிறது. எந்தப் பதிவு வெளியே போகலாம், எது ஊருக்குள் இருக்கட்டும், பணம் வந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்பவற்றைத் தீர்மானிக்க ஊர்ப் பஞ்சாயத்தைவிடத் தகுதியான அவை வேறில்லை.

கருவிக்குப் பஞ்சமில்லை. பேத்தி எந்தப் பொறியில் சுசீலாவைக் கேட்டாளோ அதே பொறியில் ஒலிப்பதியும் வசதியும் இருக்கிறது. அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதுதான் வேலை. பாடியவர் பெயர், ஊர், என்ன தொழிலின்போது பாடியது, எவரிடம் கற்றது, ஆண்டு ஆகிய ஐந்தையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிட்டால் பிற்காலத்து ஆய்வாளர் வாழ்த்துவர். ஆயாக்களின் தாலாட்டும் ஒப்பாரியும் இதில் விடுபடலாகாது. ஒப்பாரியை வீட்டுக்குள் பாடக்கூடாது என்று சிலர் மறுப்பர். அவர்களை வற்புறுத்தாமல் கரைக்கு அழைத்துச் செல்லலாம்.

அம்பாவுக்கு ஏற்ற நாளும் பழவேற்காட்டில் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் புறப்படும் நாள்களில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று மீனவருக்கு அறிவிப்பு வருகிறது. படகுகள் கரையில் கிடக்கும். கடலோடிகள் வீட்டில் இருப்பர். பிள்ளைகள் மாலையில் பள்ளியிலிருந்து வந்துவிடுவர். அன்று படகின் முனையில் ஒரு வடத்தைக் கட்டி முதியவர் நால்வர் கையில் கொடுத்து, அவர்களுக்குப் பின்னால் பேரப்பிள்ளைகளையும் பிடிக்கச் சொல்ல வேண்டும். படகு நகர வேண்டும் என்பதில்லை. வடம் இறுகினால் போதும், இரண்டாம் அடியும் வரும், மூன்றாம் அடியும் வரும். ஒரு பிள்ளை மட்டும் வடத்தை விட்டு விலகி, கைப்பேசியைக் காற்றுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.